சாரெரியா ரோடியோவின் நகலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மாட்டுப்பண்ணையாட்கள் கயிறு வீசும் வித்தையை மெக்சிகோவிடமிருந்து கற்றார்கள் என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதன்பின் மெக்சிகோவின் குதிரையேற்ற விளையாட்டான சாரெரியாவின் காணொளிகள் சிலவற்றைப் பார்த்தேன். வெள்ளிப் பொத்தான்களும் அகன்ற தொப்பியுமாக அது அமெரிக்க மாட்டுப்பண்ணையாட்களின் போட்டியான ரோடியோவின் அலங்கார நகலாகவே தோன்றியது. ஓடும் குதிரையின் காலில் கயிறு வீசி விழத்தட்டுவதையும் கண்டேன். யுனெஸ்கோ இதையா மரபென்று ஏற்றது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நகல் என்பது காலவரிசைக்கே பொருந்தாது. 1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் 16 குதிரைகளுடன் மெக்சிகோவில் வந்திறங்கினார். பூர்வகுடிகள் குதிரையேறக் கூடாதென்று ஸ்பானிய ஆட்சி தொடக்கத்தில் தடை விதித்தது. ஆனால் வேலியற்ற மேய்ச்சல் நிலங்களில் கால்நடைகள் பெருகப் பெருக, அவற்றைக் குதிரைமீதிருந்து மடக்க ஆள் வேண்டியிருந்ததால், அத்தடை நடைமுறையில் தேய்ந்துபோனது. டெக்சாஸும் கலிபோர்னியாவும் மெக்சிகோவின் பகுதிகளாக இருந்தபோதே இவ்வித்தை அங்கே நிலைபெற்றிருந்தது. அமெரிக்கர்கள் பின்னர் வந்து கற்றுக்கொண்டார்கள்.

அலங்காரம் என்று நீங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. 1910இல் தொடங்கிய புரட்சியும் அதைத் தொடர்ந்த நிலப் பங்கீடும் அசியெண்டா எனப்பட்ட பெரும்பண்ணைகளை உடைத்தபின், நகரத்துக்கு வந்த நிலவுடைமையாளர்களும் படித்த நடுத்தர வர்க்கத்தினரும் சேர்ந்து 1921இல் மெக்சிகோ நகரில் சாரோக்களுக்கான, அதாவது சாரெரியா குதிரைவீரர்களுக்கான, தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். 1933இல் இத்தகைய சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. கூலிக்காகப் பண்ணையாள் செய்த வேலை, கனவான்களின் பொழுதுபோக்காக ஒழுங்குபடுத்தப்பட்டது இப்படித்தான். அமெரிக்க ரோடியோ பணப்பரிசை நம்பிய தொழிலாக வளர, சாரெரியா பெரும்பாலும் தொழில்முறையற்ற விளையாட்டாகவே நீடித்ததற்கும், உடையில் அத்தனை கெடுபிடி காட்டுவதற்கும் இந்தப் பிறப்பே காரணம் என்று நினைக்கிறேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: பெரும்பண்ணைகளை எதிர்த்துப் போரிட்ட எமிலியானோ சபாட்டாவும் குதிரை பழக்குவதில் பேர்பெற்றவர், படங்களில் அதே சாரோ உடையில் நிற்பவர்.

ஆனால் உடையைத் தாண்டிக் கையைக் கவனியுங்கள். பியாலெஸ் என்ற போட்டியில், நிற்கும் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சாரோ, எதிரே நாலுகால் பாய்ச்சலில் கடந்துபோகும் பெண்குதிரையின் பின்னங்கால்களில் சுருக்கை மாட்டுகிறார். மாட்டியதும் கயிற்றை இறுக்கி இழுப்பதில்லை. சேணத்தின் அகன்ற மரத்தலையில் அதைச் சில சுற்றுகள் சுற்றி வழுக்கவிடுகிறார். உராய்வின் சூட்டில் மரத்திலிருந்து புகை எழுகிறது, ஓடும் விலங்கு படிப்படியாக வேகமிழந்து நிற்கிறது. கயிற்றைச் சட்டென்று கட்டியிருந்தால் காலோ கயிறோ முறிந்திருக்கும். சாரோவின் விரல்களும் தப்புவது கடினம். பட்டியில்லாத வெட்டவெளியில், மறுநாளும் நடக்க வேண்டிய விலங்கைச் சேதமின்றி நிறுத்தக் கண்டறிந்த வழி இது. இதை அலங்காரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களை உறுத்திய காட்சி மங்கானாஸ். நடந்தோ குதிரைமேலிருந்தோ கயிற்றைச் சுழற்றிப் பல கோலங்கள் காட்டி, ஓடும் பெண்குதிரையின் முன்னங்கால்களை மடக்கி வீழ்த்துவது அது. சூடுபோடவும் மருந்திடவும் விலங்கைக் கீழே சாய்க்க வேண்டியிருந்த காலத்தில் அதற்கு ஒரு தேவை இருந்தது. இன்று விழுவது புள்ளிக்காக மட்டுமே. கலிபோர்னியா 1994இல் குதிரையை இப்படி வீழ்த்துவதைச் சட்டத்தால் தடுத்தது. அங்குள்ள மெக்சிகோ வம்சாவளியினர் சாரெரியாவைக் கைவிடவில்லை. விழாமலும் அதை நடத்தலாம் என்பதற்கு அதுவே போதும் என்பது என் கருத்து. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது, குடும்பங்களும் பயிற்சிக் களங்களும் தலைமுறையாகக் கைமாற்றிவரும் குதிரையேற்றக் கலையை ஒரு மரபாக ஏற்றதே தவிர, அதன் ஒவ்வொரு போட்டிக்கும் வழங்கிய நற்சான்று ஆகாது.

அடுத்து காலா என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். முழுவேகத்தில் வரும் குதிரை, குறித்த கட்டத்துக்குள் பின்னங்கால்களைச் சறுக்கி நிற்கிறது, இருபுறமும் சுழல்கிறது, பின்னோக்கி நேர்கோட்டில் நடக்கிறது. அப்போது அது வாயைத் திறந்து கடிவாளத்தோடு மல்லுக்கட்டினாலோ தலையை உதறினாலோ நடுவர்கள் புள்ளியைக் குறைத்துவிடுவார்கள்.