தபசு மரத்தடியில் நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி அரங்குகளில் பறையோ தெருக்கூத்தோ நடந்தால் வருகிறவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்களும் கல்லூரி மாணவர்களும்தான். எங்கள் ஊர்த் திருவிழாவிலோ பையன்கள் டிஜே செட் கேட்கிறார்கள். நாட்டார் இசை இனி படித்தவர்களுக்கு மட்டும்தானா?

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது, அர்ச்சுனன் தவம் செய்யும் 'அர்ச்சுனன் தபசு' அன்று போய்ப் பாருங்கள். நட்டுவைத்த மரத்தில் வேடக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். இந்தப் பாட்டு பிடிக்குமா என்று அவர்களிடம் கேட்கவே தோன்றாது. அங்கே பாட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது.

அந்த வேலை போனால் பாட்டும் போய்விடும். கரைவலையைப் பத்திருபது பேர் ஒரே மூச்சில் இழுக்க, மீனவர்களின் அம்பாப் பாட்டு வேண்டியிருந்தது. இன்ஜின் படகில் அதற்கு இடமில்லை. நடவு இயந்திரம் இறங்கிய வயலிலும் இதே கதைதான். ஒப்பாரிக்கும், சாமி அழைக்க அடிக்கும் பம்பை மேளத்துக்கும் வேலை இருப்பதால் அவை இன்னும் நிலைத்திருக்கின்றன. டிஜே கேட்கிற அதே பையன்கள், பம்பைக்காரர் வராமல் சாமி அழைக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

படித்தவர்களின் ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறையை மாணவர்கள் பெருமையோடு தோளில் மாட்டுவது பெரிய காரியம். ஆனால் அரங்குக்குள் வரும்போது அந்த இசை எதை இழக்கிறது என்று அவர்கள் கவனிக்க வேண்டும். பறையின் தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும், கடலோரத்தில் இன்னும் சீக்கிரம். வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் 'கிண்'ணென்று பேசும்; சூடு மிஞ்சினால் கிழியும். அரங்குக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள் என்பதால் பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது. அதைத் தீயில் காய்ச்ச வேண்டியதில்லை. ஆனால் பறையை அடிக்கும் இரண்டு குச்சிகளில், தடித்த அடிக்குச்சியின் கனத்த ஒலிக்கும் மெல்லிய சிண்டுக்குச்சியின் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி அதில் சுருங்கிவிடுகிறது.

கூத்துக்கு நேரும் சேதம் வேறு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஆடுவதை அரை மணிக்கு வெட்டச் சொன்னால் முதலில் போவது, கோமாளியான கட்டியக்காரன் பேச்சும், வேடக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து பாடும் திரை விருத்தமும். அவை போனால் அடவு என்கிற ஆட்ட அசைவு மட்டும்தான் மிச்சம். மைக்கை முன்னால் மட்டும் வைப்பார்கள். வேடக்காரர் குரல் கேட்கும், அதை வாங்கிப் பாடும் பின்பாட்டு கேட்காது. பாட்டு பாதியில் அறுந்ததுபோல இருக்கும்.

உங்கள் ஊரில் ஏற்பாடு செய்வதானால் பின்பாட்டுக்காரர்களுக்குத் தனி மைக் கொடுங்கள். முகவீணை என்னும் சிறு ஊதுகுழலை வாசிப்பவரை அந்த மைக்கிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள். அதன் கூர்மையான ஒலி மற்றதை அமுக்கிவிடும். பறைக்குத் திறந்தவெளியும், பக்கத்திலேயே ஒரு கட்டு வைக்கோலும் வேண்டும். கூத்துக்கு ஒரு முழு இரவு ஒதுக்குங்கள்.