அடியில் சிக்கினால் மேலே பாருங்கள்: தையல் மெஷின் கேள்வி-பதில்

பள்ளி திறக்கும் நேரத்திலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும்தான் இந்த மாதிரிக் கேள்விகள் குவியும். பெரும்பாலும் ஒரே வரிதான்: "மெஷின் சிக்கிக்கிச்சு, என்ன பண்றது?" எங்கே சிக்கியது, எப்போது சிக்கியது என்று கொஞ்சம் விவரமாக எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

லைனிங் வைத்து ரவிக்கை தைக்கிறேன். தையல் தொடங்கி இரண்டு அங்குலம் போவதற்குள் துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்து, துணி பிளேட்டோடு மாட்டிக்கொள்கிறது. புது பாபின் கேஸ் வாங்கிப் போட்டும் சரியாகவில்லை.
— வாசகி, திண்டுக்கல்

பாபின் கேஸுக்கு, அதாவது கீழ் நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூட்டுக்கு, கொடுத்த காசு வீண். கொத்து கீழே இருப்பதால் கோளாறும் கீழேதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் கொத்தைப் பிரித்துப் பாருங்கள், பாபின் நூலைவிட மேல் நூல்தான் அதிகம் இருக்கும். மேலே ஒரு நிறத்திலும் பாபினில் வேறு நிறத்திலும் நூல் போட்டுத் தைத்தால் சந்தேகமே இருக்காது.

ஊசி கீழே போய்த் திரும்பும்போது மேல் நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். பாபின் கேஸுக்கு வெளியே அசையும் கொக்கியான ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்தைப் பிடித்து பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுவந்து விடும். அப்படிக் கீழே போன அத்தனை நூலையும் திரும்ப மேலே இழுப்பது, முன்னால் மேலும் கீழும் ஆடும் அந்த நூல் தூக்கி. இழுத்ததை இறுக்கிப் பிடித்துக் கொடுப்பது டென்ஷன் தட்டுகள். நூல் தூக்கியின் துளையில் நூல் கோக்காமல் விட்டுப்போனாலோ, தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராமல் மேலோடு கிடந்தாலோ, கீழே போன நூல் கீழேயே தங்கிவிடும். நாலு தையலில் கொத்து தயார்.

முதலில் சிக்கை எடுங்கள். துணியை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். ஊசி வளைவதும், ஷட்டிலில் கீறல் விழுவதும் அந்த ஒரு இழுப்பில்தான். ஊசிக்கு மேலே நூலை வெட்டிவிட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே கொண்டுவாருங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்குங்கள். துணிக்கும் பிளேட்டுக்கும் நடுவே நூல் வெட்டும் சின்னக் கத்தரியின் நுனியைப் படுக்கவைத்து நுழைத்து, கொத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் துணி தானே வந்துவிடும். இடம் போதவில்லை என்றால் பிளேட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். கீழே பாபின் கேஸை எடுத்து, மிச்ச நூலை ட்வீசரால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஃபுட் தூக்கியே இருக்கட்டும். மேல் நூலை முழுவதும் உருவிவிட்டு முதலிலிருந்து கோத்துவாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் ஃபுட்டைத் தூக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் விலகும், நூல் உள்ளே இறங்கும். கோத்து முடித்ததும் ஃபுட்டை இறக்கிவிட்டு நூலை விரலால் இழுத்துப் பாருங்கள். ஃபுட் மேலே இருந்தபோது லொடலொடவென்று வந்த நூல் இப்போது இறுக்கமாக வர வேண்டும். வரவில்லையா, தட்டுகளுக்குள் நூல் இல்லை. அல்லது அங்கே பழைய நூல்பிசிறு அடைத்திருக்கிறது.

தைக்க ஆரம்பிக்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டையும் 10 செ.மீ. அளவுக்கு வெளியே விட்டு, ஃபுட்டுக்குப் பின்னால் இழுத்து, முதல் மூன்று நான்கு தையல் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய லைனிங் துணியை ஊசித் துளை உள்ளே இழுத்துக்கொள்வதும் இதனால் பாதி குறையும். மீதிக்கு 11 ஆம் எண் ஊசி, தேவைப்பட்டால் அடியில் ஒரு துண்டு மெல்லிய தாள். தைத்தபின் கிழித்துவிடலாம்.

பாட்டி காலத்துக் கறுப்பு மிதி மெஷின். நேற்று திரைச்சீலை தைக்கும்போது திடீரென்று நின்றுவிட்டது. சக்கரம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.
— வாசகர், கும்பகோணம்

"திடீரென்று" என்று எழுதியிருப்பது நல்ல செய்தி. தைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றது என்றால் பத்துக்கு ஒன்பது ஷட்டிலில் மாட்டிய நூல்தான்.

ஆனாலும் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். இப்போது மேல் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். அது சுற்றினால் கோளாறு ஸ்டாண்டில், மிதிக்கட்டையில் அல்லது கீழ்ச் சக்கரத்தில். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் தலைப்பகுதி முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு.

தலைதான் இறுகியிருக்கிறது என்றால் மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து, பாபின் கேஸை எடுங்கள். சக்கரத்தை முன்னும் பின்னும் நூலிழை அளவுக்கு அசைத்துக்கொண்டே இருங்கள். முரட்டுத்தனம் வேண்டாம், அசைவு மட்டும் போதும். இரண்டு சொட்டு மெஷின் ஆயிலை ஷட்டில் ஓடும் பாதையில் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் பல சமயம் நூல் நழுவிக் கொடுக்கும். கொஞ்சம் சுற்ற ஆரம்பித்ததும் ஊசியை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஷட்டிலை மூடியிருக்கும் வளையத்தைச் சில மெஷின்களில் இரு பக்கக் கொண்டிகள் பிடித்திருக்கும், சிலவற்றில் திருகு. திறப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தை எடுத்தால், நடுக்குச்சியைப் பிடித்து ஷட்டிலை வெளியே உருவலாம்.

அந்தக் குழியில் என்னவெல்லாம் கிடைக்கும் தெரியுமா? கறுத்துப்போன நூல்துண்டு, துணிப்பஞ்சு எண்ணெயில் ஊறிக் கெட்டியான அடை, உடைந்த ஊசி முனை, சில நேரம் சமிக்கி. எல்லாவற்றையும் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய். ஷட்டிலைத் திரும்ப வைக்கும்போது, அதைத் தள்ளும் பிறை ஒரு பாதியிலும் ஷட்டில் மறு பாதியிலும் பொருந்த வேண்டும். பொருந்தாமல் வளையத்தை அழுத்தி மூடாதீர்கள்.

எண்ணெய் வற்றிவிட்டதே என்று வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை விட்டேன். ஒரு வாரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இப்போது காலையில் சக்கரத்தை அசைக்கவே முடியவில்லை.
— வாசகி, கோத்தகிரி

உங்கள் ஊர்க் குளிரில் பாட்டிலில் இருக்கும் தேங்காய் எண்ணெயே உறைந்துவிடும், மெஷினுக்குள் மட்டும் உறையாதா? வெயில் ஊர்களில் உடனே உறையாது. நாள்பட்டுப் பிசினாகும், அது இன்னும் மோசம். சமையல் எண்ணெய் எதுவுமே மெஷினுக்கு ஆகாது. துரு நீக்கும் ஸ்ப்ரேயும் எண்ணெய்க்கு மாற்றில்லை.

மோட்டார் இருந்தால் அதையும் பெல்ட்டையும் கழற்றித் தள்ளி வையுங்கள். எண்ணெய்த் துளைகளிலும் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒவ்வொரு மூட்டிலும் மண்ணெண்ணெய் சில சொட்டு. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் சக்கரத்தை மெல்ல ஆட்டுங்கள். கசியும் பழுப்பு நீரைத் துடைத்துவிட்டு மறுபடியும் விடுங்கள். வருடக்கணக்கில் மூலையில் கிடந்து இறுகிய மெஷினுக்கும் இதே வைத்தியம்தான், அதற்கு நாலைந்து நாள்கூட ஆகும். நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும் மண்ணெண்ணெயைத் துடைத்து உலரவிட்டு, தையல் மெஷின் ஆயில் என்றே விற்கும் நிறமில்லாத எண்ணெயைப் போடுங்கள். பிறகு ஒரு பழைய துணியில் கொஞ்ச நேரம் தைத்துப் பாருங்கள், அழுக்கெல்லாம் அதிலேயே இறங்கிவிடும்.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் தையல் மெஷின் கிடைத்தது. இப்போதுதான் பழகுகிறேன். மிதிக்க ஆரம்பித்தாலே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றி நூல் சிக்குகிறது.
— வாசகி, விழுப்புரம்

மெஷினில் குறை எதுவும் இல்லை. பாதம் பழக வேண்டும், அவ்வளவுதான். சக்கரத்தின் மேல்பகுதி எப்போதும் உங்களை நோக்கித்தான் வர வேண்டும். எதிர்ப்பக்கம் அரைச் சுற்று போனாலும் ஷட்டிலில் நூல் மாட்டும்.

நூல் கோக்காமல், துணி வைக்காமல், ஃபுட்டைத் தூக்கிவிட்டு, சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஊசி அசையாது, சக்கரம் மட்டும் சுற்றும். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கம் ஒரு தள்ளு, கூடவே மிதி. நிறுத்துவதும் கையால். கை தொடாமல் தொடங்கும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். வேகம் ஒரே சீராக வந்த பிறகு, கோடு போட்ட நோட்டுத் தாளில் நூலில்லாமல் கோட்டின்மேலே ஓட்டிப் பழகுங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவே இல்லை.
— வாசகர், சேலம்

பாபினில் நூல் சுற்றிய பிறகு நடுத் திருகை இறுக்க மறந்திருப்பீர்கள். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால், யாரோ அந்தத் திருகை முழுதாகக் கழற்றி, உள்ளே இருக்கும் காது வைத்த வாஷரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வாஷரை அரைச்சுற்று மாற்றி வைத்து இறுக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் உடம்பு மெஷின் என்றால் பாபின் சுற்றும் குச்சி வலதுபக்கம் தள்ளியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அதை இடதுபக்கம் தள்ளினால் ஊசி இறங்கும்.

மகனின் ஜீன்ஸ் ஓரம் மடித்துத் தைக்கும்போது பக்கத் தையல் மேடு வந்ததும் மெஷின் திணறுகிறது, ஊசி உடைகிறது.
— வாசகி, ஆவடி

ரவிக்கைக்குப் போட்ட அதே ஊசியில் ஜீன்ஸும் தைத்தால் உடையத்தான் செய்யும். 16 ஆம் எண், கனமான ஜீன்ஸுக்கு 18. கடையில் கேட்கும்போது வீட்டு மெஷின் ஊசி என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாக்கெட்டில் எச்.ஏ.×1 என்று இருக்கும், அதன் தலை ஒரு பக்கம் தட்டை. டி.பி.×1 என்றால் அது பவர் மெஷினுக்கு, தலை முழு உருண்டை. அதை வீட்டு மெஷினில் திணித்தால் ஷட்டிலில் இடிக்கும்.

மேட்டில் ஏறும்போது ஃபுட்டின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கும். பிளேட்டின் நடுவே இருக்கும் பற்கள் துணியை நகர்த்த முடியாமல் ஒரே இடத்தில் தையல் விழும். அதே தடிமனில் மடித்த துணித்துண்டு ஒன்றை ஃபுட்டின் பின்பாதிக்கு அடியில் வைத்தால் மட்டமாகி ஏறிவிடும். மேட்டை முன்கூட்டியே சுத்தியலால் லேசாகத் தட்டி அமுக்கலாம், தையல்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான். அந்த இடத்தில் மோட்டாரோ மிதியோ வேண்டாம், கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பின்னாலிருந்து துணியை இழுக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், ஊசி வளைந்து பிளேட்டில் இடிப்பது அதனால்தான்.

உடைந்த துண்டுகளையும் எடுத்து ஒட்டவைத்துப் பாருங்கள். முழு ஊசி வரவில்லை என்றால் மிச்சம் உள்ளே கிடக்கிறது. அதை எடுக்காமல் ஓட்டக் கூடாது.

மேலிருந்து பாபின் போடும் பிளாஸ்டிக் மெஷின். பாபினைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டதிலிருந்து கடகடவென்று சத்தம், உடனே சிக்கல்.
— வாசகர், கோவை

கறுப்பு நிற பாபின் தொட்டி சரியாக உட்காரவில்லை. அதன் நீட்டிய மூலை, மெஷினில் இருக்கும் தடுப்பின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். தொட்டி லேசாக ஆடலாம், ஆனால் சுற்றக் கூடாது. பாபினைப் போடும்போது நூலை இழுத்தால் அது கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் சுற்ற வேண்டும். மிதி மெஷினின் உலோக பாபினை இதில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உயரம் கொஞ்சம் வேறு. தொட்டியின் ஓரத்தில் ஊசி குத்திய தழும்பு சொரசொரவென்று இருந்தால் நூல் அதில் மாட்டிக்கொண்டே இருக்கும், தொட்டியை மாற்றுவதே வழி.

சிக்கியதை எடுத்த பிறகு தையலே விழவில்லை. மெக்கானிக் பார்க்காமலே "டைமிங் போயிடுச்சு" என்கிறார். உண்மையாக இருக்குமா?
— வாசகி, தூத்துக்குடி

இருக்கலாம். ஆனால் பார்க்காமல் சொன்னதால் நான் அவசரப்பட மாட்டேன். டைமிங் என்பது ஊசியும் ஷட்டிலும் சரியான தருணத்தில் சந்திக்கும் ஒழுங்கு. புது ஊசி ஒன்றை எடுத்து, தலை முட்டும்வரை மேலே தள்ளித் திருகை இறுக்குங்கள். ஊசி இரண்டு மில்லிமீட்டர் இறங்கி நின்றாலே டைமிங் போனது போலத்தான் நடந்துகொள்ளும். திசையையும் பாருங்கள். நூல் எந்தப் பக்கமிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் நீளப் பள்ளம் இருக்க வேண்டும், தட்டை அதற்கு எதிர்ப்பக்கம்.

அப்படியும் தைக்கவில்லை என்றால் பிளேட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி அடிமட்டத்துக்குப் போய், திரும்பச் சுமார் 2 மி.மீ. ஏறும் தருணத்தில் ஷட்டிலின் மூக்கு ஊசியை ஒட்டி, ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே கடக்க வேண்டும். முன்னதாகவோ பின்னதாகவோ வந்தால், கண்ணுக்குக் கீழே கடந்தால், டைமிங் விலகியிருக்கிறது. அப்போது மெக்கானிக்கிடம் கொடுங்கள், வீட்டில் முயல வேண்டாம். கொடுக்கும்போது புது ஊசி போட்டுப் பார்த்துவிட்டதாகச் சொல்லுங்கள்.

பெடலை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை.
— வாசகர், மதுரை

உடனே காலை எடுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். இறுகிய மெஷினோடு மல்லுக்கட்டும் மோட்டார் சீக்கிரம் சூடாகிக் கருகும். பெல்ட்டைக் கழற்றி, சக்கரம் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் மேலே கும்பகோணம் வாசகருக்குச் சொன்னதைச் செய்யுங்கள். தலை லேசாகச் சுற்றியும் மோட்டார் மட்டும் முனகினால், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது மோட்டாரே போயிருக்கும். மோட்டாரை மட்டும் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனால் போதும்.