பிள்ளை போதும் என்றால் போதும்: கேள்வி பதில்

முதல் இரண்டு வருடம் குழந்தைக்கு என்ன, எப்படி, எவ்வளவு ஊட்டுவது என்பதை மட்டும் கேளுங்கள். காரைக்குடிப் பக்கத்தில் 24 வருடம் இதே வேலையாக இருந்தவள், இப்போது ஓய்வு. காய்ச்சல், மருந்து, ஊசி என் துறை அல்ல. ஃபோனைக் காட்டி ஊட்டுகிறவர்கள் ஃபோனை மூடிவிட்டுக் கேள்வி கேட்கவும்.

கோட்டையூர்: ஆச்சி, பையனுக்கு 7 மாதம், 7.8 கிலோ. பக்கத்து வீட்டுப் பிள்ளை 9.5 கிலோ. 'உன் பால் பத்தலை, பவுடர் சேர்' என்கிறார் மாமியார். சேர்க்கட்டுமா?

வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, 7 மாத ஆண் பிள்ளையின் நடு எடை 8.3 கிலோ. 6.7லிருந்து 10.3 வரை எங்கே இருந்தாலும் வழக்கமான எடைதான். உங்கள் பையனும் உள்ளே இருக்கிறான், பக்கத்து வீட்டுப் பையனும் உள்ளே இருக்கிறான்.

ஒரு நாள் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தடுப்பூசி அட்டையில் வளைவு வளைவாக ஒரு படம் இருக்கிறதே, அதில் மாதாமாதம் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒரே வளைவை ஒட்டி ஏறினால் நிம்மதியாகத் தூங்கலாம். படுத்துவிட்டாலோ இறங்கினாலோ டாக்டரிடம் போங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு வளைவைத் தாண்டி மேல் வளைவுக்குத் தாவினால் அதையும் காட்ட வேண்டும். ஆனால் அப்படித் தாவுகிற பிள்ளைக்கு நம் ஊரில் திருஷ்டி சுற்றிப் போடுவார்களே தவிர, யாரும் யோசிப்பதில்லை. முதல் வருடத்தில் வேகமாக எடை ஏறும் பிள்ளைகள் பின்னால் பருமனாகும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள்.

தாய்ப்பாலோடு திட உணவு தொடங்கிவிட்டீர்கள் அல்லவா? குழைந்த சோறு, பருப்பு, கொஞ்சம் நெய். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை போதும்.

தேவகோட்டை: பிறந்ததும் நாக்கில் சேனை வைக்க வேண்டும் என்று ஆயா தேனோடு நிற்கிறார்.

தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, கைக்குழந்தைக்கு நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். ஆயாவின் கையாலேயே குழந்தையைத் தாயின் மார்பில் போடச் சொல்லுங்கள். சீம்பால்தான் சேனை.

கானாடுகாத்தான்: 10 மாதப் பெண் குழந்தை. பால் இல்லாததால் முதலிலிருந்தே பவுடர். ராத்திரி 240 மி.லி. புட்டியில் ரஸ்க் ஊறவைத்துக் கொடுத்தால்தான் தூங்குகிறாள்.

பவுடர் கொடுத்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம், அது தேவையாக இருந்தது. என் சண்டை புட்டியோடும் ரஸ்க்கோடும்தான்.

மார்பில் குடிக்கிற பிள்ளை எவ்வளவு குடித்தது என்று தாய்க்குத் தெரியாது. அதுவாக விட்டால் முடிந்தது. புட்டியில் கோடு இருக்கிறது. கோடு தெரிந்தவுடன் 'இன்னும் 40 இருக்கே' என்று கை போகிறது. பிள்ளை முகத்தைத் திருப்பும், காம்பை நாக்கால் தள்ளும், கை விரியும். போதும் என்று அதற்குச் சொல்லத் தெரிந்த மொழி அதுதான். தினமும் அதைக் கேட்காமல் ஊற்றினால், கொஞ்ச காலத்தில் பிள்ளையும் தன் வயிற்றைக் கேட்பதை விட்டுவிடும்.

வயிறு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. என்று கணக்கு, 8 கிலோ பிள்ளைக்கு 240 மி.லி. சீரில் வந்த வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டுக் கிண்ணம் 180 பிடித்தது. என் மகளுக்கு எட்டு மாதத்தில் அதில் ஒன்றரைக் கிண்ணம் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாந்தி எடுத்தால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவேன். அப்போது நான் குழந்தை உணவுப் படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது!

ரஸ்க்கை இன்றோடு நிறுத்துங்கள். அது சீனியும் மைதாவும். ராத்திரி உணவை மடியில் வைத்துக் கரண்டியால் கொடுங்கள், பாலைக் கிண்ணத்திலோ டம்ளரிலோ பழக்குங்கள். மூன்று நாள் அழுவாள்.

நாச்சியாபுரம்: 9 மாதம், 8 கிலோ. எடை போதுமா?

முதல் பதில். அட்டை, புள்ளி, வளைவு.

புதுவயல்: ஒன்றே கால் வயதுப் பையன். நன்றாகச் சாப்பிட்டவன் இப்போது நாலு வாயோடு ஓடுகிறான். ஃபோனில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறான்.

இந்தக் கேள்வி மட்டும் இன்று பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. பதினோரு பேருக்கும் இதுதான் பதில்.

முதல் வருடத்தில் பிள்ளை ஆறு கிலோவுக்கு மேல் ஏறும். இரண்டாவது வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். கன்னம் வற்றும், வயிறு உள்ளே போகும், விலா எலும்பு தெரியும். ஐந்தாறு வயது வரை பிள்ளை ஒல்லியாவதுதான் இயல்பு. அதற்குப் பிறகு சதை தானாகப் போடும். அந்தத் திருப்பம் மிக முன்னதாக, மூன்று நாலு வயதிலேயே வந்துவிட்டால், பின்னால் பருமனாகும் வாய்ப்பு அதிகம். நீங்கள் கவலைப்படுகிற ஒல்லி, நான் பார்க்க விரும்புகிற ஒல்லி.

என்ன உணவு, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது அவன் பொறுப்பு. முகப்புத் திண்ணையில் காக்கா காட்டி ஊட்டியதற்கும் ஃபோனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். காக்கா பறந்துவிடும், ஃபோன் பறக்காது. அதைப் பார்க்கிற பிள்ளைக்கு வாயில் என்ன போகிறது, வயிறு எப்போது நிறைந்தது என்று தெரியாது. மணிக்கொரு பிஸ்கட்டையும் நிறுத்துங்கள். பசிக்கிற பிள்ளை தானாக வரும்.

பள்ளத்தூர் அப்பத்தா: எல்லாம் சரி. பேரனுக்கு எட்டு மாசம். கூழில் கருப்பட்டி போட்டுத்தான் கொடுக்கிறேன். சீனி இல்லையே, கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதானே?

கருப்பட்டியும் சீனிதான் அப்பத்தா. இரண்டு வயது வரை சேர்க்கும் எந்த இனிப்பும் வேண்டாம்.

பள்ளத்தூர் அப்பத்தா: பனையிலிருந்து வருகிறது, இரும்புச்சத்து இருக்கிறது. ஆலைச் சீனியோடு சேர்த்துப் பேசினால் எப்படி? எங்க மாமனார் 90 வயசு வரைக்கும் கருப்பட்டிப் பணியாரம் சாப்பிட்டார். ஒரு நாள் ஆஸ்பத்திரி போனதில்லை.

மாமனாருக்கு என் வணக்கம். அவர் பணியாரம் சாப்பிட்டது பல் முளைத்து, நடந்து, வெயிலில் வேலை செய்த பிறகு. உங்கள் பேரன் எட்டு மாதம், தூளியில் இருக்கிறான்.

கணக்கைப் பாருங்கள். தாய்ப்பால் போக, எட்டு மாதப் பிள்ளைக்கு மற்ற உணவிலிருந்து தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 200 கலோரி. ஒரு சின்ன ஸ்பூன் கருப்பட்டியில் 15 கலோரி. வேளைக்கு இரண்டு ஸ்பூன், மூன்று வேளை என்றால் 90. பாதிக்குக் கொஞ்சம் குறைய இனிப்பிலேயே போய்விட்டது. முட்டைக்கும் பருப்புக்கும் எங்கே இடம்? அந்த ஆறு ஸ்பூனில் வருகிற இரும்பு துளி. இரும்பு வேண்டுமென்றால் ஆட்டு ஈரலை வேகவைத்து மசித்து ஒரு ஸ்பூன் கொடுங்கள். சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப்பையும் வாரம் இரண்டு முறை 1 மி.லி. கொடுங்கள்.

சிங்கப்பூர், சொந்த ஊர் கொத்தமங்கலம்: அப்பத்தா சொல்வது சரி. கருப்பட்டி இயற்கையானது. இந்தப் பயமெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி.

தம்பி, கரும்பும் இயற்கைதான். இங்கே கேள்வி நாக்கைப் பற்றியது. எட்டு மாதத்தில் கூழ் என்றால் இனிப்பு என்று பழகிய நாக்கு, இரண்டு வயதில் கீரையைத் துப்பும். அப்போது நீங்களே எனக்கு 'சாப்பிட மாட்டேங்கிறான் ஆச்சி' என்று எழுதுவீர்கள்.

ஆத்தங்குடி: அப்படியானால் பிள்ளையார் நோன்பு இழைகூட (இனிப்பு மாவில் திரி வைத்து ஏற்றி, எரிய எரிய விழுங்குவோமே) கூடாதா? அதிலும் வெல்லம்தானே!

வருடத்தில் ஒரு நாள், ஒரு இழை. அதற்கெல்லாம் நான் சண்டைக்கு வரவில்லை. எரிகிற திரியைப் பெரியவர்கள் விழுங்குங்கள், பிள்ளைக்கு மாவில் நகக்கண் அளவு. கருப்பட்டி பற்றி இனி வருகிற கேள்விகளுக்குப் பதில் இல்லை.

காரைக்குடி: என் கணவருக்குச் சர்க்கரை 210. கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமா?

சொன்னேனே! டாக்டரிடம் கேளுங்கள். அவரும் கூடாது என்பார்.

திருப்பத்தூர், ஒரு அப்பா: இப்படி அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பருமன் குறையும் என்று நிரூபித்திருக்கிறார்களா? நம் ஊரில் நோஞ்சான்தானே பிரச்சினை?

நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. சிட்னியின் தென்மேற்குப் பகுதியில் முதல் பிள்ளை பெறும் 667 தாய்களில் ஒரு பாதிப் பேரின் வீட்டுக்குக் கர்ப்ப காலத்திலிருந்து இரண்டு வயது வரை செவிலியர் எட்டு முறை போனார்கள். இரண்டு வயதில் அந்தப் பிள்ளைகளின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) மற்றப் பாதியைவிட 0.29 குறைவு. செவிலியர் போவது நின்று, ஐந்து வயதில் பார்த்தால் வித்தியாசம் மறைந்திருந்தது. பிரிஸ்பேன், அடிலெய்டு ஊர்களில் 698 தாய்களை வைத்து நடந்ததில், பயிற்சி பெற்றவர்கள் பிள்ளையை வற்புறுத்துவது குறைந்தது. எடையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. ஆக, இது மந்திரம் இல்லை. நான் வாசிப்பது இப்படி: ஊட்டும் பழக்கத்தை மாற்ற முடியும், விட்டால் பழையபடி ஆகிவிடும்.

நோஞ்சான் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வயதுக்குள் அதிக எடையுள்ள பிள்ளைகள் தேசியக் குடும்பநல ஆய்வில் 2015-16ல் 2.1 சதவீதம், 2019-21ல் 3.4 சதவீதம். சின்ன எண்தான், ஆனால் ஏறுகிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, நம் பிள்ளைகள் எடையில் குறைவு, ஆனால் அந்த எடைக்குக் கொழுப்பு அதிகம் என்று கண்டார்கள். அப்படிப் பிறந்த பிள்ளையை அவசரமாகக் கொழுக்கவைப்பதுதான் என் பயம்.

இன்னொன்று. 'அம்மாக்களுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். மாலையில் வேலையிலிருந்து வரும்போது கையில் கிரீம் பிஸ்கட் வாங்கி வருவது யார்?

குன்றக்குடி: 11 மாதம், எடை 8.6...

அட்டை.

பொன்னமராவதி: பெண்ணுக்கு 8 வயது, 41 கிலோ. என்ன நிறுத்துவது?

எட்டு வயதில் இது இங்கே நாலு வரியில் சொல்கிற விஷயம் இல்லை. குழந்தை டாக்டரிடம் உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அவள் முன்னால் எடையைப் பற்றிப் பேசாதீர்கள், குளிர்பானத்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பள்ளத்தூர் அப்பத்தா: சரி, உங்க பேச்சைக் கேட்டு மத்தியானம் கருப்பட்டி போடாமல் கூழ் கொடுத்தேன். அப்படியே துப்பிவிட்டான்.

எத்தனை தடவை கொடுத்தீர்கள்?

பள்ளத்தூர் அப்பத்தா: ஒரு தடவை.

புது ருசி பிடிக்க எட்டு, பத்துத் தடவை ஆகும் அப்பத்தா. தினம் ஒரு ஸ்பூன், துப்பினால் விட்டுவிடுங்கள். இன்னும் ஒன்பது பாக்கி.