தண்டுவடக் காயம்: தடைபடும் கட்டளைகள் (கேள்வி பதில்)

கேள்வி: மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலப்பக்கம் செயலிழக்கிறது. தண்டுவடத்தின் இடப்பக்கம் அடிபட்டால் மட்டும் இடக்காலே செயலிழப்பது ஏன்?

பதில்: பெருமூளைப் புறணியிலிருந்து (பெருமூளையின் வெளி அடுக்கிலிருந்து) இறங்கும் இயக்க நரம்பிழைகளில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு, முகுளத்தின் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) அடிப்பகுதியிலேயே மறுபக்கம் கடந்துவிட்டுத்தான் தண்டுவடத்தில் இறங்குகின்றன. வலியையும் வெப்பத்தையும் சுமக்கும் இழைகளோ தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே பக்கம் மாறி மேலேறுகின்றன. ஆகவே தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்டவருக்கு அந்தப் பக்கத்துக் கால் அசையாது. நன்றாக அசைகிற மற்றக் காலில் சூடு தெரியாது. வெந்நீர் பட்டுப் புண்ணாவது பெரும்பாலும் இந்த 'நல்ல' கால்தான் என்பதை வீட்டார் மறக்கக் கூடாது.

கேள்வி: விபத்தன்று என் அண்ணனின் கால்கள் துவண்டு கிடந்தன. இப்போது ஆறு வாரங்களில், போர்வையை இழுத்தாலே முழங்கால் வெடுக்கென மடங்குகிறது. குணமாகிறது என்று கொள்ளலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் செத்துவிடுவதில்லை. மேலிருந்து வரும் கட்டளைதான் அறுபடுகிறது. தொடக்கத்தில் அந்தப் பகுதி அதிர்ச்சியில் ஓய்ந்திருப்பதால் தசைகள் தளர்ந்து, அனிச்சைச் செயல்களும் மறைந்திருக்கும். நாட்களும் வாரங்களும் கழிய, மூளையின் கட்டுப்பாடு இல்லாத அந்த நரம்பணுக்கள் சிறு தொடுதலுக்கே மிகையாக எதிர்வினை காட்டத் தொடங்கும். தசை இறுக்கம் வருவதும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழுவதும் (1896இல் பாபின்ஸ்கி விவரித்த அறிகுறி) இதனால்தான். காலைத் தொடாமல், "பெருவிரலை மடக்குங்கள், இப்போது நிறுத்துங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபோதெல்லாம் அசைந்து, சொன்னதும் நின்றால் அது மூளையின் கட்டளை. ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா என்று மருத்துவர் சோதிப்பதையும் கூச்சத்தால் தவிர்க்க வேண்டாம். அங்கே உணர்வு எஞ்சியிருந்தால் காயம் முழுமையானதன்று, மீட்சிக்கான வாய்ப்பும் கூடுதல்.

கேள்வி: கழுத்தில் அடிபட்ட என் தந்தை நடக்கிறார், ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. இது எப்படி?

பதில்: கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தின் உள்மையம் பாதிக்கப்படும்போது, குறிப்பாகக் கழுத்தெலும்பு தேய்ந்த முதியவர்களிடம், இப்படி நேர்வதுண்டு. விரல்களின் நுண்ணிய வேலை பெரும்பாலும் புறணியிலிருந்து வரும் பாதையையே நம்பியிருக்கிறது. நிற்பதற்கும் நடப்பதற்கும் மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறு பாதைகளும் துணை நிற்கின்றன.

கேள்வி: மேல்முதுகில் காயமடைந்த என் மனைவிக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. இரத்த அழுத்தம் 140தான். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். ஆறாவது மார்புக் கணுவிலோ (தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் மேலிருந்து ஆறாவது பிரிவு) அதற்கு மேலோ காயமுள்ளவர்களின் வழக்கமான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும் என்பதால், அவருக்கு 140 என்பது அபாயகரமான ஏற்றம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான ஆடையைத் தளர்த்துங்கள், பிறகு சிறுநீரை வெளியேற்றப் பொருத்தியிருக்கும் குழாயை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். தொடைக்கு அடியில் அது மடிந்து, நிரம்பிய சிறுநீர்ப்பையே இத்தனைக்கும் காரணமாக இருக்கலாம். மடிப்பை நீக்கியும் அழுத்தம் இறங்காவிட்டால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, அவருடைய வழக்கமான அழுத்தம் எவ்வளவு என்பதை.