8,500 டாலர் கோடை வகுப்பு: மகளை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறார். எனக்கு வேலை இல்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். மகள் 10-ஆம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் எது பழுதானாலும் அவள்தான் கழற்றிப் பார்ப்பாள். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகத்தில் மூன்று வாரம் நடக்கும் பொறியியல் கோடை வகுப்புக்கு அவள் தேர்வாகியிருப்பதாகக் கடிதம் வந்தது. பயணத்தோடு சேர்த்து 8,500 டாலர் ஆகும். 500 டாலர் முன்பணம் கட்டிவிட்டோம். வங்கியில் 14,000 டாலரும் 529 கல்விச் சேமிப்பில் 31,000 டாலரும் இருக்கின்றன. மாதச் செலவு 5,200 டாலர். இந்த வகுப்புக்குப் போனால் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். பணத்தை எதிலிருந்து எடுப்பது? சேமிப்பா, 529-ஆ, கிரெடிட் கார்டா?

பதில்: மூன்றிலிருந்தும் எடுக்காதீர்கள், சகோதரி. இந்த ஆண்டு அனுப்ப வேண்டாம். உங்கள் மகளின் ஆர்வத்தைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. பழுதான பொருளைத் தானாகவே கழற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கட்டணமே கிடையாது.

முதலில் உங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்போம். 14,000 டாலர் என்பது உங்கள் குடும்பத்துக்கு மூன்று மாதச் செலவுகூட இல்லை. 8,500 டாலரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இருக்கும். எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் வேறு நிறுவனத்தில் சேரவோ விசா நிலையை மாற்றவோ அதிகபட்சம் 60 நாள்தான் கிடைக்கும். அந்த 60 நாளில் வாடகை, கார் தவணை, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் சேமிப்பிலிருந்துதான் கட்ட வேண்டும். ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு தனி. குடியுரிமை பெற்ற குடும்பங்களிடம் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருக்கச் சொல்வேன். உங்களைப் போன்றவர்களுக்கு ஆறு மாதம் வேண்டும் என்பேன். ஆகவே அந்தச் சேமிப்பு இப்போதே போதாது. அதில் கை வைக்கக் கூடாது.

529 கணக்கில் வேறு சிக்கல். கல்லூரிக் கட்டணம் போன்ற, சட்டம் அனுமதித்த செலவுகளுக்கு எடுத்தால் மட்டுமே வளர்ச்சிக்கு வரி இல்லை. தனியார் நடத்தும் கோடை முகாம் அந்த வகையில் சேராது. உங்கள் கணக்கிலுள்ள பணத்தில் 30 சதவீதம் முதலீட்டு வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 8,500 டாலரில் 2,550 டாலர் வளர்ச்சிப் பங்கு. நீங்கள் 22 சதவீத வரி வரம்பில் இருந்தால் அதற்கு 561 டாலர் வரி, அதன்மேல் 10 சதவீதக் கூடுதல் வரியாக 255 டாலர். மொத்தம் 816 டாலர். மாநில வரி இதில் சேரவில்லை.

கிரெடிட் கார்டு மூன்றிலும் மோசம். 22 சதவீத வட்டியில் மாதம் 300 டாலர் கட்டினால் 8,500 டாலர் கடன் தீர 40 மாதத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 3,600 டாலர். மகள் கல்லூரி முதலாண்டை முடிக்கும்போதும் 10-ஆம் வகுப்பில் போன கோடை முகாமுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் மகள் இருக்கும்வரை அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கல்விக் கடனும் அவளுக்குக் கிடைக்காது. 21 வயதுக்குள் கிரீன் கார்டு வராவிட்டால் அவள் தனியாக மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். இந்தியர்களுக்கான காத்திருப்பு வரிசையின் நீளம் உங்களுக்கே தெரியும். அவள் படிப்புச் செலவின் பெரும்பகுதி உங்கள் கையிலிருந்துதான் போகப்போகிறது. 8,500 டாலர் என்பது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாநிலவாசிகள் ஒரு செமஸ்டருக்குக் கட்டும் தொகைக்கு அருகில் வரும். மூன்று வாரத்துக்காக ஒரு செமஸ்டரைக் கொடுக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

இனி அந்தக் கடிதம். இத்தகைய கடிதங்களைப் பல குடும்பங்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கின்றன. தடித்த தாள், பல்கலைக்கழகக் கட்டடத்தின் படம், ‘தேர்வு’ என்ற சொல். கீழே சிறிய எழுத்தில், இந்த நிகழ்ச்சியைப் பல்கலைக்கழகம் நடத்தவில்லை, இடம் மட்டுமே வாடகைக்குத் தருகிறது என்று இருக்கும். உங்கள் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பல்கலைக்கழகமே நடத்தினாலும்கூட, கட்டணக் கோடை வகுப்பில் சேர்ந்ததால் கல்லூரிச் சேர்க்கையில் முன்னுரிமை இல்லை என்று பல கல்லூரிகள் தாமே வெளிப்படையாகச் சொல்கின்றன. பிள்ளையின் படிப்பு என்றால் நம் பெற்றோர் நகையை விற்றாவது பணம் கட்டிவிடுவார்கள். அந்த மனத்தைக் குறிவைத்து வரும் கடிதங்கள் எனக்குக் கோபத்தையே தருகின்றன.

உண்மையிலேயே சேர்க்கைக் குழுக்கள் மதிக்கும் கோடை நிகழ்ச்சிகளில் பல இலவசமானவை. 1984-இல் தொடங்கி, இப்போது மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. ஆராய்ச்சி நிகழ்ச்சிக்குப் படிப்புக் கட்டணமும் இல்லை, தங்கும் கட்டணமும் இல்லை. எம்.ஐ.டி.யே நடத்தும் மைட்ஸ் நிகழ்ச்சியும் அப்படித்தான். உங்கள் மாநிலத்திலேயே ரட்கர்ஸில் ஆளுநர் பெயரிலான பொறியியல், தொழில்நுட்பக் கோடைப் பள்ளி நடக்கிறது. அதற்கும் படிப்புக் கட்டணம் கிடையாது. மூன்றுமே 11-ஆம் வகுப்பை முடித்த மாணவர்களுக்கானவை. அதாவது உங்கள் மகளின் முறை அடுத்த கோடையில்தான் வருகிறது. விண்ணப்பிக்கும் காலம் அதற்கு முந்தைய குளிர்காலம். சில நிகழ்ச்சிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். பிள்ளை ஆசைப்பட்டபின் அது தெரியவந்தால் ஏமாற்றம் பெரிதாக இருக்கும். ஆகவே தகுதி விதியை முதலில் படித்துவிடுங்கள். பள்ளியின் கல்வி ஆலோசகரிடம் செப்டம்பரிலேயே பேசிவிட வேண்டும்.

பணம் கொடுத்துப் போகும் எல்லா வகுப்பும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கோடைப் பொறியியல் வகுப்பில் மாணவர்கள் ஸ்பாகெட்டிக் குச்சிகளையும் பசையையும் கொண்டு பாலம் கட்டி, அது எவ்வளவு எடை தாங்குகிறது என்று சோதிப்பார்கள். நல்ல மதிப்பெண் எடுத்தால் பல்கலைக்கழகக் கிரெடிட், அதாவது பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் பாட மதிப்பு, உண்டு. அப்படி ஏதாவது கையில் மிஞ்சும் வகுப்பு என்றால், அவசர நிதி நிறைந்தபின் யோசிக்கலாம். அந்தப் பாலத்தை இந்தச் சனிக்கிழமையே உங்கள் வீட்டு மேசையில் அவள் கட்டிப் பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து டாலர்கூட ஆகாது.

இந்தக் கோடைக்கு என்ன செய்யலாம்? எம்.ஐ.டி.யின் பீவர் வொர்க்ஸ் கோடை நிறுவனம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இலவச இணைய வகுப்புகள் வைத்திருக்கிறது. அவற்றைச் சரியாக முடிப்பவர்களே அடுத்த கட்டக் கோடை நிகழ்ச்சிக்குப் போட்டியிட முடியும். உங்கள் எடிசனிலேயே மிடில்செக்ஸ் கல்லூரி இருக்கிறது. அங்கே பொறியியல் வரைபடமோ நிரலாக்கமோ ஒரு பாடம் எடுத்தால் முகாம் கட்டணத்தில் சிறு பங்குதான் செலவாகும், உண்மையான கல்லூரிக் கிரெடிட்டும் கிடைக்கும். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடமும் எடுக்கும் இரட்டைச் சேர்க்கையில் பள்ளி வழியாகப் பதிவு செய்தால், 2025-இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி அந்தக் கட்டணத்துக்கு 529 பணத்தையே எடுக்கலாம். இது மத்திய வரி விதி. மாநில வரியில் எப்படி என்று உங்கள் வரிக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் ரோபாட்டிக்ஸ் குழு இருந்தால் அதில் சேரச் சொல்லுங்கள். கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டிகளுக்கான ரோபோவை ஜனவரியில் தொடங்கிச் சில வாரங்களில் கட்டி முடிப்பார்கள். துளையிடும் கருவியைக் கையில் பிடித்து, தவறு செய்து, திருத்திக் கற்கும் அந்த வாரங்களுக்கு நான் மிகுந்த மதிப்பு கொடுக்கிறேன்.

கடினமான பகுதி, மகளிடம் சொல்வது. ‘பணம் இல்லை’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். 15 வயதுப் பெண்ணுக்குக் கணக்கு புரியும். கணவரும் நீங்களும் அவளோடு உட்கார்ந்து சேமிப்பு எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு, 60 நாள் விதி என்றால் என்ன என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டிய நிகழ்ச்சிகளின் பட்டியலை அவளையே தயாரிக்கச் சொல்லுங்கள். கருவிகள் வாங்க 300 டாலர் ஒதுக்கி, எதை வாங்குவது என்ற முடிவையும் அவளிடமே விடுங்கள்.

கடைசியாக, கட்டிய 500 டாலர். முன்பணத்தைத் திரும்பப் பெறும் கடைசி நாள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். இன்றிரவே அதை எடுத்துப் பாருங்கள். நாள் தாண்டவில்லை என்றால் நாளை காலையிலேயே மின்னஞ்சலில் விலகல் கடிதம் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாண்டிவிட்டிருந்தாலும் எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 500 டாலரோடு போகட்டும். அதைக் காப்பாற்றுவதற்காக மீதி 8,000 டாலரைக் கட்டிவிடாதீர்கள்.