சூரியகாந்தியில் கணக்குப் பார்க்கும் பெண்ணை எங்கே சேர்ப்பது?

சுரண்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, கணக்கில் கெட்டி. சூரியகாந்திப் பூவை வைத்துக்கொண்டு விதைச் சுருளை எண்ணுகிறாளாம்: ஒரு பக்கமாகச் சுற்றினால் 34, மறுபக்கம் 55. பெரியப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டார். "பி.எஸ்ஸி. கணக்கு படித்தால் டீச்சர் வேலைதானே சார்?"

கவலைப்படாதீர்கள் அம்மா. ஆனால் சீட்டுக்காக நிலத்தை அடகு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். கடனைக் கட்டப்போவது பெரியப்பா இல்லை.

அவள் எண்ணுவது விளையாட்டும் இல்லை. பூவுக்குள் ஒவ்வொரு புது மொட்டும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 டிகிரி தள்ளி முளைக்கிறது. அந்த எண்கள் அதனால் வருபவை. ஏன் அந்தக் கோணம்? 1992-ல் டுவாடி, கூடேர் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர்கள் எண்ணெய்த் தட்டின் நடுவில் காந்தத் திரவத் துளிகளைச் சொட்டவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றையொன்று தள்ளி விலகிய துளிகள் அதே மாதிரிச் சுருளாகப் போய் நின்றன. அங்கே செடியே கிடையாது!

நோய்ப் பரவலையும் இப்படிக் கணக்கில் பிடிக்கலாம். கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் 1927-ல் எழுதிய சமன்பாடுகளைப் பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கொரோனா காலத்துக் கணிப்புகள் பலவற்றுக்கும் அதுதான் வேர்.

ஜேஇஇ, நீட் பற்றி ஊரே பேசுகிறது, விட்டுவிடுகிறேன். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேருங்கள், புள்ளியியல் துணைப்பாடமாக உள்ள கல்லூரியாகப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். இரண்டாம் ஆண்டிலேயே ஜாம் என்ற எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும்: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். மாற்றத்தின் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்யாமல் போட்டுப் போட்டுப் பழக வேண்டும். கூடவே பைத்தான் என்ற கணினி மொழி. ஜாம் வழியாக ஐஐடியில் எம்.எஸ்ஸி. சேரலாம். அப்புறம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியலில், அதாவது உயிர்களைக் கணக்காலும் கணினியாலும் ஆராயும் துறையில், உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம்.

சம்பளம் தாமதமாகத்தான் வரும், மறைக்கவில்லை. அதற்குச் சம்மதமா என்று மகளைக் கேளுங்கள், பெரியப்பாவை அல்ல. சீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே எழுத்தில் திரும்பக் கேளுங்கள்.