கேளுங்கள், பதில் சொல்கிறேன்: திணைக்களமும் காய்ச்சலும்

கேள்வி: சுகாதாரத் திணைக்களம் வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்ததாம். அப்படியென்றால் என் அம்மம்மா இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபோது அது எங்கே போயிருந்தது?
- வாசகி, நெடுங்கேணி

பதில்: கோபம் தெரிகிறது, நியாயம்தான். திணைக்களம் தொடங்கியது 1858இல், சிவில் மருத்துவத் திணைக்களம் என்ற பெயரில். ஆனால் கொழும்பில் ஒரு பலகை மாட்டினால் நெடுங்கேணிக்கு மருந்து வந்துவிடுமா? வன்னியில் அரசாங்கத்தின் கண் முதலில் பட்டது பாதையில்தான். மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்துபோன கோப்பித் தோட்டத் தொழிலாளர்கள் வாந்திபேதியில் வழியிலேயே விழுந்து செத்தார்கள், தோட்டத்துக்கு ஆள் போய்ச் சேரவேண்டும் என்ற கவலை அரசாங்கத்துக்கு. காட்டுக்குள்ளே குளத்தை நம்பியிருந்த ஊர்களை பறங்கிப்புண் என்ற தொற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. திணைக்களத் தலைவராயிருந்த கின்சி அந்த நோயைப் பற்றியே 1881இல் தனி அறிக்கை எழுதினார். அறிக்கை எழுதுவதில் அவர்கள் குறை வைத்ததில்லை!

வருத்தம் வருமுன் தடுக்கிற வேலை ஒழுங்காகத் தொடங்கியது 1926இல், களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவோடு. 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பங்கு மலேரியா அவ்வளவு பழக்கமில்லாத, ஈரவலயத்தின் ஓரத்து ஊர்களில், அதனால்தான் நாடே அலறியது. நமக்கோ அது மாரி தவறாமல் வருகிற விருந்தாளி.

1946இல் நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்து வந்த பிறகுதான் திணைக்களம் நம் வாசல்படி ஏறியது என்பேன். மலேரியாக்காரர் தோளில் தாங்கியோடு வருவார், அம்மா சட்டி பானை, நெல்லு மூட்டை எல்லாவற்றையும் முற்றத்துக்கு இழுத்துப் போடுவா, மண் சுவர் நனைந்து ஒரு நெடி கிளம்பும், கோழிகள் இரண்டு நாள் உள்ளே வராது. 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. சரி, முடிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1968-69இல் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது 2016இல். உங்கள் அம்மம்மாவுக்கு அது மிகவும் பிந்திவிட்டது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாகாணத்து ஆளா, கொழும்பு ஆளா?
- வாசகர், செட்டிக்குளம்

பதில்: மாகாணத்து ஆள். 1987இன் அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்தோடு கிராமத்து ஆஸ்பத்திரிகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்துக்கு வந்தன. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிக்குத் தனித்தனிப் பிராந்தியப் பணிப்பாளர்கள் உண்டு. போதனா வைத்தியசாலைகள் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளை மத்திய அமைச்சு விடவில்லை. டொக்டர்மாரின் நியமனமும் இடமாற்றமும் இன்றும் கொழும்பிலிருந்துதான். ஆகவே உங்கள் ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லையென்று மாகாண அலுவலகத்தில் போய்ச் சண்டை பிடித்தால், அவர்கள் கொழும்பைக் கைகாட்டுவார்கள். கிணற்றுக்குக் குளோரின் போடவில்லையா, அதற்குத் தாராளமாக அங்கேயே சண்டை பிடிக்கலாம்.